காலும் அரையும் முக்காலும்

பேசாலையில் வாழும் நண்பர் ஒருவரின் மகன் அண்மையில் என்னிடம் இரண்டு ஐயங்களை முன்வைத்தார். இரண்டும் அன்றாடம் எழக்கூடிய எளிய கேள்விகள். ஒன்றுக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்தது. மற்றொன்று என்னைச் சில நாட்கள் பழைய புத்தகங்களோடு இருத்திவிட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

முதற் கேள்வி, ஊரில் விடிய விடிய நடந்த நாட்டுக்கூத்தின் ஒளிப்பதிவு பற்றியது. ஒரே இரவில் எடுத்த பதிவைக் கமரா பதினான்கு துண்டுகளாகச் சேமித்து வைத்திருந்தது. பழைய முறையில் ஒழுங்கமைத்த சேமிப்பட்டையில் ஒரு கோப்பு 4 கிகாபைட் அளவைத் தாண்ட இயலாது; அதனால் அந்த எல்லையை எட்டியதும் கமரா தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். எல்லாத் துண்டுகளும் ஒரே கமராவில், ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டவை என்பதால் தரம் குறையாமல் அவற்றை ஒட்டிவிடலாம். ஆனால் அவர் ஒட்டிய கூத்தில் அரசன் முதலில் இறந்து, பிறகு முடிசூடினான். காரணம் எளிது. கோப்புகளுக்கு அவர் 1, 2, 3 எனப் பெயரிட்டிருந்தார். கணினி அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கி, ஒன்றை அடுத்துப் பத்து, பதினொன்று எனக் கொண்டுபோய், பதினான்குக்குப் பிறகே இரண்டுக்கு வந்திருக்கிறது. 01, 02 எனப் பெயர் மாற்றியதும் அரசன் பிழைத்துக்கொண்டான். நம் முன்னோர் ஓலைக்கு ஓலை இலக்கமிட்டுக் கயிற்றில் கோத்ததும் இந்த அச்சத்தினால்தான். கயிறு அறுந்தால் இலக்கமே துணை.

இரண்டாவது கேள்வி வணிகக் கடிதம் பற்றியது. அவர் கருவாட்டு வியாபாரம் செய்பவர். பாரிஸ் நகரில் கடை வைத்திருக்கும் ஊரவர் ஒருவர் கருவாடு கேட்டு எழுதியிருந்தார். அதற்கு அழகான பதில் எழுதவேண்டும், எங்கே காற்புள்ளி இடுவது, எங்கே அரைப்புள்ளி இடுவது என்று கேட்டார். வந்த கடிதத்தைக் காட்டும்படி சொன்னேன். அதில் ‘12,500 கிலோ’ என்றிருந்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ! சிறிய வியாபாரியான அவர், மனைவியின் நகைகளை அடகு வைத்துச் சம்மாட்டிமாரிடம் முற்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்.

நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தி வயிறு வளர்த்தவனுக்கு அந்த எண் உறுத்தியது. ஒரு தெருக்கடைக்குப் பன்னிரண்டு தொன் கருவாடு எதற்கு? “தம்பி, பிரான்சில் தசமத்தைப் புள்ளியால் காட்டுவதில்லை, காற்புள்ளியால் காட்டுவார்கள். அந்தக் கடைக்காரர் கேட்டது பன்னிரண்டரைக் கிலோவாக இருக்கும். தொலைபேசியில் கேளுங்கள்” என்றேன். அன்றிரவே கேட்டார். மாதிரி பார்க்கப் பன்னிரண்டரைக் கிலோ போதும் என்று விடை வந்தது. “நல்லகாலம் மாமா, நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது” என்று சொன்னார்.

நிற்க.

இந்த ‘நிற்க’ என்ற சொல்லிலிருந்தே வரலாற்றைத் தொடங்கலாம். இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா என்று எழுதிவிட்டு நம் முன்னோர் அடுத்ததாக எழுதிய சொல் அது. நலவிசாரிப்பு முடிந்தது, இனிக் காரியம் என்பது அதன் பொருள். தந்தியில் வாக்கிய முடிவைக் காட்ட ஆங்கிலேயர் ‘ஸ்டொப்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். புள்ளி தவறலாம், சொல் தவறாது என்பதே அதன் காரணம். தந்தி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே தமிழ்க் கடிதத்துக்கு அத்தகைய சொல் வாய்த்திருந்தது.

தமிழில் நிறுத்தக்குறிகள் இருந்ததில்லை, ஐரோப்பியர் வந்தே தந்தனர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். குறிகளின் வடிவத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. ஆனால் குறிகள் இல்லாமல் எப்படி இத்தனை நூற்றாண்டுகள் எழுதினார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது. விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது, அதுவே முற்றுப்புள்ளி. ‘வந்து’, ‘கேட்டு’, ‘வாங்கி’ என எச்சம் வந்தால் இன்னும் வரும் என்று பொருள். அது காற்புள்ளியின் வேலையைச் செய்கிறது. ‘என்று’ என்பது மேற்கோளை மூடும் குறி. சொல்லின் இறுதியில் வரும் ஆகாரமும் ஓகாரமும் வினாக்குறி. பலவற்றை அடுக்கும்போது ‘உம்’ என்ற இடைச்சொல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து நிறுத்துகிறது. மொழியே நிறுத்தியும் இணைத்தும் செல்வதால் எழுத்துக்குத் தனியாகக் குறி தேவைப்படவில்லை.

மன்னார்க் கரையில் இதற்குக் கல்லிலே சான்றுண்டு. இன்றைய திருக்கேதீச்சரத்தை அடுத்த மாதோட்டம், பண்டைக்காலத்தில் இந்து சமுத்திர வாணிபத்தின் பெருந்துறைகளில் ஒன்று. இராசராச சோழன் காலத்தில் அதற்கு இராசராசபுரம் என்ற பெயரும் வழங்கிற்று. தாழி குமரன் என்பவன் அங்கே இராசராசேச்சுரம் என்ற கோயிலை எடுப்பித்து நிவந்தம் அளித்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அங்கு கிடைத்தது. அக்காலக் கல்வெட்டுகளில் எழுத்துகள் இடைவெளியின்றி வரிசையாக ஓடும். கல்லின் ஓரம் வந்தால் சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. ஆயினும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கமும் ‘பன்மாகேசுவர ரட்சை’ என்பது போன்ற முடிவும் ஆவணத்தின் இரு கரைகளைக் காட்டிவிடும். நிவந்தம் தந்தவன், பெற்ற கோயில், நிலத்தின் எல்லை ஆகியவற்றை வேற்றுமை உருபுகளே காட்டிக் கொடுக்கும்.

அப்படியானால் இடர் எங்கே எழுந்தது? இரண்டிடங்களில். ஒன்று எண், மற்றது பெயர். எண்ணுக்கு வினைமுற்றில்லை, எச்சமுமில்லை. பெயர்களை ‘உம்’ சேர்க்காமல் அடுக்கினால் அவை ஒருவரா மூவரா என்று மொழி சொல்லாது. எண்ணும் பெயரும் நெருக்கியடிக்கும் இடம் வணிகம். ஆகவே தமிழில் குறிகள் முதலில் தேவைப்பட்டது புலவனுக்கன்று, கணக்கனுக்கே.

கணக்கன் வெளிநாட்டாருக்காகக் காத்திருக்கவுமில்லை. அவன் தனக்கென ஒரு குறித்தொகுதியை வைத்திருந்தான். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாவுக்கு ௹. இலக்கத்தின் பின்னே ௵ நின்றால் அது ஆண்டு. வேறெந்தப் புள்ளியும் கோடும் தேவையில்லை. பற்றும் வரவும் மயங்காமல் காத்தவையும் இத்தகைய குறிகளே. பழைய உறுதிகளிலும் பேரேடுகளிலும் இவற்றைக் கண்டவர்கள் இன்றும் இருப்பார்கள். கணினி உலகின் பொதுக்குறி முறையான யுனிகோடில் இவை 2003இல் இடம்பெற்றன. 2019இல் பழைய பின்னங்கள், அளவைகள் உள்ளிட்ட மேலும் 51 குறிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஏட்டின் முடிவைக் காட்ட நம்மவர் இட்ட குறி. தமிழருக்கு முடிப்புக்குறியே இல்லை என்பாருக்கு அது போதிய மறுமொழி.

கடிதத்தின் தலையிலும் ஒரு குறியுண்டு. மன்னார்த்தீவில் அது மூவகைப்படும். சைவர் பிள்ளையார் சுழியிடுவர். கத்தோலிக்கர் சிறு சிலுவை வரைவர். முஸ்லிம்கள் 786 என்று எழுதுவர். கடிதத்தை விரித்ததும் எழுதியவர் யாரென்பதையும், அவர் தொடங்கிவிட்டார் என்பதையும் அந்தக் குறி சொல்லிவிடும்.

ஐரோப்பியக் குறிகள் இக்கரைக்கு வந்த கதை சுவையானது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். முத்துக்குளித்துறையிலிருந்து பரவர் பலர் அப்போது மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களோடு தொடர்புடைய யேசு சபைத் துறவி அன்ரிக் அன்ரிக்கஸ் அடிகளும் மன்னாருக்கு வந்தார். 1561இல் மன்னாரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதமும் எழுதினார். தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர் அவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய ஆக்கமே. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூல் இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்.

நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று இங்குண்டு. ஐரோப்பியருக்கே அக்குறிகள் அப்போது புதியவை. அரைப்புள்ளி இன்றைய வடிவில் அச்சேறியது 1490களில், வெனிஸ் நகரின் அல்டஸ் மனுத்தியஸ் என்ற அச்சகரிடம். மன்னாரில் கோட்டை எழுந்தபோது அதற்கு எழுபது வயதுகூட ஆகவில்லை. நம்மிடம் வந்தது தொன்மையான மரபன்று. அச்சகத்தார் தம் தேவைக்கு ஆக்கிக்கொண்டிருந்த ஒரு வழக்கம். அதனால் அதைக் கடன் வாங்கியதில் நமக்கு நாணம் வேண்டியதில்லை.

கடன் வாங்கியபோது நம்மவர் இட்ட பெயர்களைக் கவனியுங்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. ஆங்கிலப் பள்ளிகளில் வாசிப்புப் பயிற்சிக்கு ஒரு விதி சொல்வார்கள்: முதலாவதற்கு ஒன்று எண்ணும் நேரம் நிறுத்து, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று, இறுதிக்கு நான்கு. நாம் அதையே ஒன்றின் கால், அரை, முக்கால், முழுமை என்று அளந்துவிட்டோம். இவை சந்தையில் அரிசியும் எண்ணெயும் அளந்த சொற்கள். இலக்கண ஆசிரியன் இட்ட பெயர்களில் கடைத்தெருவின் ஓசை கேட்கிறது. உரைநடையில் இக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டு நிலைநிறுத்திய பெருமை 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு உரியது. அவர் பதிப்பித்த நூல்களும் எழுதிய பாலபாடங்களும் பள்ளி மாணவர்களின் கண்களைக் குறிகளுக்குப் பழக்கின.

ஆனால் மன்னார்க் கரையின் பெருவணிகம் முத்து. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் சலாபம் கூடும்போது மணல்வெளியில் ஒரு நகரமே எழும். பல நாட்டு வணிகர் கூடுவர். முத்து விலை பேசும்போது எழுத்துமில்லை, பேச்சுமில்லை. துணிக்கடியில் விரல்களைத் தொட்டே பேரம் நடக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. ஆனால் அரசாங்கத்தின் கணக்கு எழுத்தில் இருந்தாகவேண்டும். ‘கொட்டு’ எனப்பட்ட அடைப்புக்குள் ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று பங்காக்கப்படும். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மாலையில் அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். பின்னாளில் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவராக உலகறிந்த லெனார்ட் வூல்ஃப், இளம் சிவில் அதிகாரியாக 1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் பணியாற்றினார். அவருக்கு முந்திய 1905ஆம் ஆண்டுச் சலாபம் மிகப் பெரியது. சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு 25 லட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது.

அந்த வெற்றியில் மயங்கி ஆங்கிலக் கம்பனி ஒன்று ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி அருகியதால் பெருநட்டமும் கண்டது. இந்தத் தொகையை நான் எழுதிய முறையைப் பாருங்கள். இலங்கை அலுவலகங்களில் 310,000 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பார்கள். இராமேசுவரத்தில் இருக்கும் வணிகர் அதையே 3,10,000 என்று எழுதுவார். வாயால் சொல்லும்போது இருவருக்கும் அது மூன்று இலட்சத்துப் பத்தாயிரமே. பாக்கு நீரிணையைத் தாண்டும்போது காற்புள்ளி மட்டும் ஒன்று கூடுகிறது. தொகை மாறுவதில்லை, ஆனால் அவசரத்தில் பார்க்கும் கண் தடுமாறும்.

புலம்பெயர்ந்த பின் தடுமாற்றம் பெருகிவிட்டது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் தசமத்துக்குக் காற்புள்ளி. சுவிட்சர்லாந்தில் ஆயிரத்தைப் பிரிக்க மேற்கொட்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் ஆயிரத்துக்குக் காற்புள்ளி, தசமத்துக்குப் புள்ளி. ஒரே குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருந்து ஊருக்குக் கணக்கு எழுதினால் நான்கு முறையில் எழுதுவார்கள். எடைகள், அளவுகள் பற்றிய அனைத்துலக மாநாடு 2003இல் இதற்கொரு தீர்வு சொன்னது. தசமத்துக்குப் புள்ளியும் இடலாம், காற்புள்ளியும் இடலாம். ஆனால் ஆயிரத்தைப் பிரிக்க இரண்டையும் இடாதீர்கள், வெறும் இடைவெளி விடுங்கள் என்றது. நல்ல தீர்வு. கடைகள் இன்னும் அதைக் கேட்டபாடில்லை.

எண்ணைச் சொன்னேன். இனிப் பெயர். இது கருவாட்டைவிடக் கனத்த விடயம்.

காணி உறுதிகளில் நிறுத்தக்குறிகளைத் தவிர்ப்பது ஆங்கிலேயச் சட்ட எழுத்தின் பழைய வழக்கம். ஒரு காற்புள்ளியைப் பின்னர் எவரேனும் சேர்த்துப் பொருளை மாற்றிவிடலாம் என்ற அச்சம் அதற்கொரு காரணம். அவ்வழக்கின் சாயல் நம் நொத்தாரிசுமாரின் தமிழிலும் படிந்தது. விளைவு என்ன? ‘சூசை மரியான் குரூஸ்’ என்று ஓர் உறுதியில் இருந்தால் அவர் ஒருவரா, இருவரா, மூவரா? ‘முகம்மது காசிம் மரைக்கார்’ என்றிருந்தால்? எழுதியவருக்கும் சாட்சிகளுக்கும் தெரியும். அயலவருக்குத் தெரியும். அவர்கள் உள்ளவரை ஐயமே எழாது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தனர். மன்னார்த்தீவின் முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். அதே காலத்தில் தமிழர் பலர் படகேறி இராமேசுவரக் கரையில் அகதிகளாக இறங்கினர். 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களின் கைகளில் இருந்தவை மங்கிய உறுதிகளும் அவற்றின் பிரதிகளும்தாம். எழுதியவர் இல்லை, சாட்சி இல்லை, அயலவர் இல்லை. தாள் மட்டும் பேசவேண்டிய நிலை. அத்தகைய உறுதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு முதியவர் பட்ட பாட்டை நான் நேரில் கண்டேன். அதில் இருந்த மூன்று சொற்கள் இரு சகோதரரின் பெயர்களா, ஒருவருடைய முழுப்பெயரா என்பதே வழக்கு. ஒரு காற்புள்ளி இருந்திருந்தால் அவருக்கு அலைச்சல் இல்லை. அதைவிட எளிதாக, பழந்தமிழ் முறைப்படி இன்னாரும் இன்னாரும் என்று ‘உம்’ சேர்த்து எழுதியிருந்தாலே போதும். குறியையும் இடவில்லை, மொழி தந்த வழியையும் பின்பற்றவில்லை. இரண்டுங்கெட்ட அந்த எழுத்துக்கான விலையை எழுதியவர் கொடுக்கவில்லை, வாரிசுகள் கொடுத்தார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேன் மாநிலத்தில் பால் ஏற்றும் வண்டிச் சாரதிகள் மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டு வழக்காடினர். எந்தெந்த வேலைகளுக்கு அக்கொடுப்பனவு இல்லை என்று சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. பட்டியலின் இறுதியில் ஒரு காற்புள்ளி இல்லாததால், பொருள்களைக் கொண்டுசென்று விநியோகிப்பது தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொதி செய்வது என்ற ஒரே வேலையின் பகுதியா என்பது தெளிவாகவில்லை. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சாரதிகள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டில் நிறுவனம் 50 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கம் கண்டது. அங்கும் சிக்கல் எழுந்த இடம் ஒரு பட்டியலே என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பேசாலைத் தம்பிக்கு நான் எழுதிய விடை இது. கடிதத்தை அழகுபடுத்தக் குறிகளைத் தூவவேண்டாம். ‘வந்து’, ‘வாங்கி’ என்ற எச்சங்களின் பின் ஒவ்வொரு முறையும் காற்புள்ளி இடத் தேவையில்லை. வாசிப்பவர் தாமாகவே அங்கு மூச்செடுப்பார். அரைப்புள்ளி இல்லாமலே ஒரு வியாபாரி வாழ்நாளைக் கழித்துவிடலாம். ஆனால் பெயர்களை அடுக்கும் இடத்தில் காற்புள்ளியோ ‘உம்’மோ கட்டாயம். தொகையும் எடையும் வரும் இடத்தில் குறியை மட்டும் நம்பவேண்டாம். எண்ணை இலக்கத்தில் எழுதி, அருகிலேயே எழுத்தாலும் எழுதவேண்டும். காசோலையில் இன்றும் அப்படித்தானே எழுதுகிறோம்? தமிழில் அது மேலும் எளிது. பன்னிரண்டரை என்று எழுதிவிட்டால் பாரிசிலும் பேசாலையிலும் அதற்கு ஒரே பொருள்தான். அரையைக் காட்டத் தமிழுக்குப் புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம், சொல்லே இருக்கிறது.

அவர் பதில் எழுதிவிட்டு எனக்கொரு பிரதி அனுப்பியிருந்தார். மேலே சிறு சிலுவை. அதன்கீழ் நலவிசாரிப்பு. பிறகு ‘நிற்க’. அதன்பின் நான்கே வரிகள். பன்னிரண்டரைக் கிலோ கருவாட்டுக்கான விலை இலக்கத்திலும் எழுத்திலும் இருந்தது. நான் திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.